முதலாளி வரும்வரை

தாப்பா ஊரைத் தாண்டி உள்ளே வளைகிற தோட்டச் சாலையில் தனேஸ்வரனின் வேன் திரும்பும்போதே வானம் கறுத்துவிட்டது. மதியச் சாப்பாடு இன்னும் செரிக்கவில்லை, அதற்குள் மழைக்கோலம். ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்ச் செம்பனை. செம்பனைக்கு அடியில் உச்சிவெயிலிலேயே இருட்டுத்தான். மேகமும் கூடினால் சாலையிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

அவன் பிறந்த லயத்தைக் காணோம். அந்த வரிசை வீடுகள் இருந்த மேட்டில் ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் தனியாக நின்றது. தோட்ட முதலாளி செட்டியாரின் பங்களாவுக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாய் வெள்ளையடித்து, கல்யாணக் களையோடு இருந்தது. இதற்கெல்லாம் கோபப்படுகிற வயதைத் தாண்டிவிட்டதாகத் தனேஸ்வரன் நினைத்திருந்தான். தாண்டவில்லை.

வாசலில் காத்திருந்தவர் அருண்பிரகாஷ். காலமான வயிரவன் செட்டியாரின் ஒரே மகன், கோலாலம்பூரில் வியாபாரம். ஆளுக்கும் தனேஸ்வரன் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். ஆனால் குரல் மட்டும் அப்படியே பெரிய செட்டியாரின் குரல். போனில் முதலில் அந்தக் குரலைக் கேட்டபோது தனேஸ்வரன் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். அதை நினைத்தால் இப்போதும் கூசியது.

"வாங்க அண்ணே. லகாட் பக்கம் காபரேட்டர் ரிப்பேர்னா நீங்கதானாமே."

"வண்டிய காட்டுங்க பாஸ்."

பங்களாவின் பக்கவாட்டில் கார்க் கொட்டகை. மூன்று பக்கம் சுவர், முன்னால் இரண்டு கனத்த மரக்கதவுகள். உள்ளே கறுப்பு ஆஸ்டின் நின்றது. துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அப்படியும் பழைய எண்ணெய், பூஞ்சை பிடித்த தோல் சீட்டு, அதற்கும் அடியில் புளித்த ரப்பர்ப் பாலின், கித்தாப் பாலின் வாடை.

"என்ன பண்ணுது?"

"வெக்கக்கேடு லா. சீட்டுல உக்காந்து பெடல்லருந்து கால எடுத்தா உடனே செத்துருது. கீழ எறங்கி நின்னா ஜம்முனு ஓடுது."

"உள்ள ஆள் இல்லாதப்பவா?"

"அப்பதான். ஈப்போவுலருந்து ஒரு சீன மெக்கானிக் வந்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு, சாமான வாரிக்கிட்டுக் கெளம்பிட்டாரு." அருண்பிரகாஷ் சிரித்தார். "எங்க கவிநயா இருக்கே, என் மக, தாத்தா காருலதான் மண்டபத்துல வந்து எறங்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. அடுத்த வாரம் கல்யாணம்."

கார்க் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, அப்பா காலத்துக் கதையை விருந்தாளிக்கு வேடிக்கை சொல்வதுபோல் சொன்னார்: "அப்பச்சி காலத்துல இதுக்கு ஒரு டிரைவர் இருந்தான். ஒரு மழையில, இதே கொட்டகையில, குடிச்சிட்டு வண்டிக்குள்ளயே போய்ட்டான். அதுலருந்து அப்பச்சி இத வெளிய எடுக்கவே இல்ல."

தனேஸ்வரன் திருப்புளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அந்த டிரைவர் பெயர் சன்னாசி. தனேஸ்வரனின் அப்பா.

அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. மகன் பிறந்த அன்று முனியாண்டி சாமி முன்னால் குடியை விடுவதாகச் சத்தியம் செய்தவர் சன்னாசி. அந்தச் சத்தியத்தை மீறிக் குடித்துச் செத்தார் என்று செட்டியார் சொன்னார், தோட்டமே நம்பியது. உதடு சிவந்து, தூங்குகிற குழந்தைபோல் கிடந்தாராம். "குடிச்ச மொகம்" என்றார்கள். அம்மா நவமணி அவருடைய ஒரே படத்தையும் கிழித்து அடுப்பில் போட்டாள். வீட்டில் செத்தவர்கள் எல்லாருக்கும் தீபாவளிக்கு முதல் நாள் படையல் உண்டு, அப்பாவுக்கு மட்டும் இலை கிடையாது. குடிகாரன் மகன் என்ற பேச்சுக்குப் பயந்தே தனேஸ்வரன் இதுவரை கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு பீர் தொட்டதில்லை. அப்பா உண்மையில் எப்படிச் செத்தார் என்பதை அந்தக் காரிடம்தான் கேட்க முடியும் என்று தோன்றியது. அதனால்தான் வந்தான்.

அருண்பிரகாஷ் உள்ளே அமர்ந்து ஸ்டார்ட் செய்தார். காலை எடுத்தார். எஞ்சின் இரண்டு தடவை திணறிச் செத்தது. மறுபடியும் ஸ்டார்ட் செய்து, இந்த முறை சட்டென்று வெளியே குதித்தார். எஞ்சின் தள்ளாடியது, அடங்கப் போனது, பிறகு யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்டதுபோல் நிமிர்ந்து சீராக ஓடத் தொடங்கியது.

"பாத்தீங்களா? நான் உள்ள இருக்கேன், மண்டபத்துலருந்து போன் வரும். ஒன்னு மட்டும் அண்ணே, எஞ்சின அணைச்சிராதீங்க. சூடாயிட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அப்பச்சி காலத்துலருந்தே அப்படித்தான்."

அவர் போனதும் மழை கொட்டியது. சாரல் எஞ்சினுக்குள் அடிக்காமலிருக்கத் தனேஸ்வரன் ஒரு கதவை இழுத்துச் சாத்தினான், மற்றதைப் பாதி திறந்து வைத்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் காபரேட்டரைப் பார்த்தான்.

கார் நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை ஒரு சின்னத் திருகாணி தீர்மானிக்கும். பெடலில் கால் இல்லாதபோது காபரேட்டரின் நெம்புகோல் அந்தத் திருகாணியின் தலையில் வந்து உட்கார வேண்டும். ஆணியைத் தளர்த்தினால் வேகம் குறையும், முறுக்கினால் கூடும். பால்குடி மாறாத பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

தளர்த்தினான். வேகம் குறையவில்லை.

முறுக்கினான். கூடவில்லை.

டார்ச்சை நெருக்கிக் குனிந்தான். நெம்புகோல் திருகாணியின்மேல் உட்காரவே இல்லை. ஒரு நகக்கண் இடைவெளியில் தூக்கி நின்றது. எங்கேயாவது சிக்கியிருக்கும் என்று கட்டைவிரலால் அழுத்தினான். இறங்கியது. எஞ்சின் திணறத் தொடங்கியது. அப்போது விரலுக்கு அடியில் ஏதோ எதிர்த்துத் தள்ளியது. முரட்டுத்தனமாக அல்ல, மெதுவாக, மரியாதையாக, 'கொஞ்சம் விடுங்க' என்பதுபோல்.

நெம்புகோல் மேலே வந்து நின்றது. எஞ்சின் சீரானது.

ஸ்பிரிங் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெட்டியிலிருந்து ரப்பர்க் குழாயை எடுத்தான். காற்று கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்க அவன் பயன்படுத்துவது அதைத்தான். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சினைச் சுற்றி. கசிவு இருந்தால் உஸ்ஸென்று கேட்கும்.

காபரேட்டரின் அடிப்பாகத்தில் கேட்டது. எஞ்சினோடு அது பொருந்துகிற இடத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. காலை எடுத்ததும் எஞ்சின் சாவதற்கு அதுவே போதும். நிம்மதியாக இருந்தது. இனிப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இடுக்கை அடைக்கிற ஒரு கேஸ்கெட் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். குழாயை இன்னும் கொஞ்சம் பின்னால், கார் உள்ளறையை ஒட்டி நகர்த்தினான்.

உஸ்ஸென்ற சத்தம் நின்று, மறுபடியும் வந்தது.

நின்று, வந்தது.

மூச்சு.

குழாயை எடுக்கக் கை வரவில்லை. மூச்சுக்கு நடுவே ஒரு இருமல் கேட்டது. அடக்கமான, தொண்டைக்குள்ளேயே முடிகிற இருமல். லயத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா இருமுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் கோப்பியை வைப்பாள். எத்தனையோ வருடமாக நினைவுக்கு வராத சத்தம் அது, காதுக்குள் ஈரத்தோடு கேட்டது.

குழாயைக் கீழே போட்டான். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. சுற்றிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து கீழே டார்ச் அடித்தான்.

பெடல் அழுந்தியிருந்தது.

ஒரு விரற்கடை ஆழம். எஞ்சின் அசந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும், நிமிர்ந்தால் கொஞ்சம் ஏறும். பழகிய கால்.

தனேஸ்வரன் ஓடியிருக்கலாம். ஓட வேண்டும் என்றுதான் முதுகெலும்பு சொன்னது. ஆனால் காருக்கு அடியிலிருந்து உள்ளே வந்த புகை வாடை அவனைப் பிடித்து நிறுத்தியது. பெடலுக்குக் கீழே கிடந்த மிதியடியைத் தூக்கினான். தரைத்தகடு துருவேறி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. பிடித்து இழுத்தான். கரிய புகை முகத்தில் அடித்தது.

துணியை வெளிச்சத்தில் விரித்தான். கருநீலக் கால்சட்டை, சின்னப் பையனுடையது. பள்ளிக்கூடச் சீருடை. இடுப்புப் பட்டையின் உள்புறம் சிவப்பு நூலில் ஒரு பூ. எல்லாப் பையன்களின் கால்சட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதென்று அடையாளத்துக்கு அவன் அம்மா தைத்த பூ.

அவனுடைய கால்சட்டை.

எல்லாம் விளங்கிவிட்டது. கார் நிற்கும்போது எஞ்சின் தானாக ஓடாது. அணைத்தால் ஸ்டார்ட் ஆகாது. அணைக்காதே என்று முதலாளி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். காலை எடுத்தால் செத்துவிடும் என்பதால் அப்பா காருக்குள்ளேயே பெடலை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே மழை, கொட்டகைக் கதவு சாத்தியிருக்கும், கண்ணாடியும் ஏற்றியிருக்கும். அடியில் உடைந்த புகைக்குழாய். ஓட்டை வழியாகப் புகை வருவது தெரிந்து, மகனின் பழைய கால்சட்டையால் அடைத்திருக்கிறார். புகையில் செத்தவன் உதடு சிவக்கும் என்பது பட்டறையில் இருக்கிற எவனுக்கும் தெரியும். தனேஸ்வரனுக்கும் தெரியும். அப்பாவின் உதட்டோடு அதை அவன் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. குடிகாரன் என்று முடிவுகட்டிய பிறகு யார் யோசிக்கிறார்கள்?

தலை கனத்தது. கொட்டகை முழுக்கப் புகை. திரும்பிப் பார்த்தான்.

கொட்டகையின் இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன.

காற்றாக இருக்கும். தள்ளிப் பார்த்தான். மழையில் மரம் ஊதி இறுகிவிட்டதோ என்னவோ, அசையவில்லை. தட்டினான். தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலில் அவன் தட்டுவது அவனுக்கே கேட்கவில்லை. திரும்ப வந்து சாவியைத் திருகினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவியை உருவி எடுத்துவிட்டான். கையில் சாவி இருக்க, எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கார்க் கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. கண்ணாடிகள் உள்ளேயிருந்து ஆவி படிந்து வெளுத்தன. டிரைவர் பக்கக் கண்ணாடியில் அந்த ஆவியை யாரோ வட்டமாகத் துடைத்தார்கள். முதலாளி வருகிறாரா என்று டிரைவர்கள் எட்டிப் பார்ப்பார்களே, அந்த அளவுக்கு ஒரு வட்டம்.

இனி ஒரே வழிதான். எஞ்சின் காற்றை இழுக்கிற வாயைக் கையால் அடைத்தால் அது மூச்சுமுட்டி நின்றுவிடும். தனேஸ்வரன் தடுமாறி முன்னால் வந்து, காபரேட்டரின் திறந்த வாயில் உள்ளங்கையை வைத்தான். கையை அது உறிஞ்சிப் பிடித்தது. எஞ்சின் குலுங்கியது.

காருக்குள் இருமல் கேட்டது. இப்போது அடக்கமாக இல்லை. நெஞ்சைப் பிளக்கிற இருமல், ஒன்றன்மேல் ஒன்றாக. கண்ணாடியை உள்ளேயிருந்து ஒரு கை அறைந்தது.

"விடுங்கப்பா," என்றான். "கால எடுங்கப்பா."

தன் கையாலேயே அவரை இரண்டாம் முறை கொல்வதுபோல் இருந்தது. அழுதுகொண்டே அழுத்தினான். கை வழியாக அந்த உறிஞ்சல் இளைத்து இளைத்து, கடைசியில் குழந்தை பால் குடித்துத் தூங்குவதுபோல் விட்டுவிட்டது.

மழை மட்டும் கேட்டது.

கதவு திறந்து வெளிச்சம் வந்தது. குடையோடு அருண்பிரகாஷ் நின்றார். "என்ன அண்ணே, கதவ சாத்திக்கிட்டு வேல செய்றீங்க? அட, அணைச்சிட்டீங்களா? சொன்னேன்ல."

தனேஸ்வரன் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு எழுந்து, ஸ்பேனரை எடுத்துக் காபரேட்டரைக் கழற்றினான். அது எஞ்சினோடு பொருந்துகிற இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பதிலாக ஏதோ கறுப்பாக, ஜவ்வுபோல் கையோடு ஒட்டி வந்தது. முகர்ந்து பார்த்தான். புளித்த கித்தா.

அருண்பிரகாஷ் எட்டிப் பார்த்துப் பெருமையோடு சொன்னார்: "எங்க தோட்டத்து கித்தா அது. அப்பச்சியே ரப்பர் சீட்டுலருந்து வெட்டிப் போட்டது. சொந்தமா ரப்பர் தோட்டம் வெச்சுக்கிட்டு இத்துனூண்டு கேஸ்கெட்ட கடையில போயி வாங்குறதான்னு கேப்பாரு."

பெட்ரோல் பட்டால் பச்சைக் கித்தா ஊதிக் கரைந்து கூழாகிவிடும். அதற்குப் பிறகு பெடலை மிதிக்காமல் எந்த எஞ்சினும் ஓடாது. ஒரு அட்டைத் துண்டு போட்டிருந்தால் அப்பா அன்று காரை விட்டு இறங்கி, பங்களா ஓரத்தில் நின்று சுருட்டுப் பிடித்திருப்பார்.

"பாஸ், அந்த டிரைவர் குடிக்கல."

"எந்த டிரைவர்?"

"சன்னாசி. எங்கப்பா." கால்சட்டையை விரித்துக் காட்டினான். "அடியில பொகக்குழா ஒடஞ்சிருக்கு. இத வெச்சு அடச்சுப் பாத்திருக்காரு. கால எடுத்தா வண்டி நின்னுரும்னு எறங்காமலே உக்காந்திருக்காரு. இந்தக் கித்தாவாலதான்."

அருண்பிரகாஷ் மழையைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வந்தது வெட்கமாக இருக்கும் என்று தனேஸ்வரன் ஒரு கணம் நம்பினான்.

"ரொம்பப் பழைய கத அண்ணே," என்றார் மெதுவாக. "நானும் சின்னப் புள்ள. அப்பச்சியும் போய்ட்டாரு. இப்ப இத வெளிய பேசி என்ன லா ஆகப்போவுது? கல்யாண நேரம். கவிநயாவுக்குத் தெரிஞ்சா அந்தக் கார்ல ஏறாது."

"காபரேட்டர பட்டறைக்குக் கொண்டு போறேன்," என்றான் தனேஸ்வரன். வேறு எதுவும் சொன்னால் கையில் இருக்கிற ஸ்பேனர் சும்மா இருக்காது என்று பட்டது.

ஈப்போ அடுக்குமாடியில் அவன் வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நவமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால்சட்டையை மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னான். கிழவி அழவில்லை. சிவப்புப் பூவை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வண்டி தொடைக்கத் துணி கேட்டாரு. கிழிஞ்சு கெடந்தத நான்தான் எடுத்துக் குடுத்தேன்." பிறகு, "அன்னிக்கி அவரு வாயில சம்சுச் சாராய வாடை வரல. மோந்து பாத்தேன், வரல. மொதலாளி சொல்லிட்டாருன்னு என் மூக்க நம்பாம விட்டுட்டேன். படத்த வேற கிழிச்சுப் போட்டேன்."

எழுந்துபோய் வாழையிலை கழுவினாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பக்கத்தில் சர்க்கரை கூட்டிப் போட்ட கறுப்புக் கோப்பி. இலைக்கு முன்னால் வைக்கப் படம் இல்லை. தனேஸ்வரன் காபரேட்டரைத் துடைத்துக்கொண்டுவந்து வைத்தான்.

வைக்கும்போதே கவனித்தான். தனியாகக் கழற்றிய காபரேட்டரில் ஸ்பிரிங் இழுத்து நெம்புகோல் மூடித்தான் இருக்க வேண்டும். அது ஒரு நகக்கண் தூக்கி நின்றது.

அம்மாவும் பார்த்துவிட்டாள். சூடத்தைக் கொளுத்தி, இலைக்கு எதிரே குந்தினாள்.

"சாப்புட வாங்க," என்றாள், தினமும் கூப்பிடுகிறவள்போல். "மொதலாளி செத்துட்டாரு. இனிமே ஒருத்தரும் வர மாட்டாங்க. கால எடுத்துட்டு எறங்கி வாங்க. தப்பு என் மேலதான். வாங்க."

சூடம் பாதி எரிந்தது. டிக்கென்று ஒரு சத்தம். நெம்புகோல் இறங்கித் திருகாணியின் தலையில் உட்கார்ந்தது. வாசல் பக்கம், செருப்பு கழற்றுகிற இடத்தில், யாரோ அடக்கமாக இருமினார்கள்.

நவமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தனேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. செத்த பிறகு முதல்முறையாக அப்பா வந்திருந்தார், படையலுக்கு வந்திருந்தார்.

மேசைமேல் இருந்த கைப்பேசி அடித்தது. அணைக்கப் போன விரல் தவறி, அழைப்பை எடுத்துவிட்டது. அந்தக் குரல் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. பெரிய செட்டியாரின் குரல்.

"மறந்துராத என்ன? வண்டி வாசல்லயே நிக்கணும். நான் வர்ற வரைக்கும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்."

அருண்பிரகாஷ் அவனிடம் ஒருமையில் பேசுகிறவர் இல்லை.

தொடர்பு அறுந்தது. வாசலில் இருமல் இல்லை. சூடம் அணைந்துபோயிருந்தது. இலைக்கு முன்னால் நெம்புகோல் மெதுவாக, மரியாதையாக, திருகாணியை விட்டு எழுந்து ஒரு நகக்கண் உயரத்தில் போய் நின்றது.

நவமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் தொடாத சோற்றின்மேல் இலையை மடித்தாள்.

"வர மாட்டாரு," என்றாள். "வேலைக்குக் கூப்புட்டுட்டாங்க."